லீவர் பிடித்த கை

1983-ல் டிப்ளமோவுடன் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். முதல் ஸ்டேஷனில் எல்லாம் கம்பியும் லீவரும்தான். கோடை வெயிலில் கம்பி நீண்டுவிடும். கைகாட்டி ஒழுங்காகச் சாயாது. அங்கிருந்த வயதான லீவர்மேன், லீவரை இழுக்கும்போதே கம்பி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பிறகு பேனல் வந்தது. பொத்தானை அமுக்கினால் மோட்டார் பாயிண்டைத் திருப்பும். பாதுகாப்பு கூடியது, சந்தேகமே இல்லை. அவரைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். "சரிப்படாது" என்று எழுதியவன் நான். லெவல் கிராசிங் கேட்டுக்குப் போட்டார்கள்.

போன மாதம் ஒரு வங்கியில், செல்போனில் பணம் அனுப்பும் விதத்தைக் கேட்டேன். "வீட்டிலிருந்து சின்னவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க, அங்கிள்" என்றாள் அந்தப் பெண். 38 வருஷம் சிக்னல் பார்த்தவன்! கூசிப்போனேன்.

மெஷினைப் பொருத்துவது பாதி வேலைதான். சலிக்காமல் நாலு தடவை சொல்லிக்கொடுப்பது மீதிப் பாதி. அதற்கு மட்டும் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

ஞாயிறு காலையில் நம் சங்க நூலகம் திறந்துதானே இருக்கிறது? இரண்டு பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து யு.பி.ஐ.யும் ரயில் டிக்கெட்டும் பெரியவர்களுக்குக் காட்டட்டும். முதல் ஆளாக நான் வருகிறேன்.