வீக்கமும் பரம்பரையும் - நாம் தப்பாகப் போடும் கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான் :-) என்னை எழுத வைத்தது எங்கள் தெரு அக்கா ஒருவர்.

காசிமேட்டில் மீன் விற்கும் குடும்பம். சில மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு உதடு வீங்கும், கை வீங்கும். இரண்டு மூன்று நாளில் தானாக வடியும். "மீன் ஒத்துக்கல" என்றார்கள், மீனையே விட்டார். "எண்ணூர் புகைதான்" என்றார்கள். திருஷ்டி சுத்திப் போட்டார்கள். அலர்ஜி ஊசிக்கும் அசையவில்லை. அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் வீங்கும் என்பதைப் பல வருடம் யாரும் கேட்கவே இல்லை! கடைசியில் ஒரு டாக்டர் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் பெயர் தெரிந்தது: ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா.

இந்த நோய் புதிதல்ல. ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக வந்த இந்த வீக்கத்தை வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1888-லேயே எழுதி வைத்தார். காரணம் தெரிந்தது 1963-ல். நம் கல்லீரல் 'சி1 இன்ஹிபிட்டர்' என்ற புரதத்தைச் செய்கிறது. எங்கள் பாடத்தில் சொன்னால் அது ஆடிட்டர் மாதிரி. அது குறைந்தாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ பிராடிகைனின் என்ற பொருள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். சின்ன ரத்தக் குழாய்கள் கசியும். நீர் திசுவுக்குள் இறங்கும். அதுதான் வீக்கம்.

அலர்ஜியில் வேலை செய்வது பெரும்பாலும் ஹிஸ்டமின். இங்கே அது இல்லை. அதனால் அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் கேட்பதில்லை. குடலில் வீங்கினால் தாங்க முடியாத வயிற்று வலி. குடல்வால் என்று நினைத்து ஆபரேஷன் செய்யப்பட்டவர்களும் உண்டு. தொண்டையில் வீங்கினால் மூச்சு அடைத்து உயிரே போகும்.

பிழை 11-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில். அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் சுமார் நாலில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வரும். சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு என்கிறார்கள்.

இப்போது கணக்கின் மறுபக்கம். எங்கள் ஏரியாவில் கால் வீங்கிய ஒரு வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், "பரம்பரை" என்று. ஆனால் யானைக்கால் பரம்பரையே இல்லை! கியூலெக்ஸ் கொசு கொண்டு வரும் புழு, நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுக்கிறது. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால், இருவரையும் ஒரே சாக்கடைக் கொசு கடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பிறவியிலேயே நிணநீர்க் குழாய் சரியாக உருவாகாமல் கால் வீங்கும் மில்ராய் நோய் உண்மையில் பரம்பரைதான், ஆனால் அது மிக அரிது.

ஆக, பரம்பரை இல்லாத இடத்தில் பரம்பரை என்று ஒதுக்குகிறோம். இருக்கிற இடத்தில் மீன் மேல் பழி போடுகிறோம்.

புகை மேல் சந்தேகம் வருவதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொன்னால் உண்மையான நோய் மறைந்துவிடும்.

என் கருத்து இதுதான். அரிப்பில்லாமல் திரும்பத் திரும்ப வீங்கினால், "வீட்டில் வேறு யாருக்காவது?" என்ற கேள்வி முதலில் வர வேண்டும். சி4 என்ற ரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், 'ஏஸ் இன்ஹிபிட்டர்' வகை பிரஷர் மாத்திரையும் வீக்கத்தைத் தூண்டலாம், பல் பிடுங்குவதும்கூட. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சி1 இன்ஹிபிட்டர் ஊசி விலை அதிகம்; வராமல் தடுக்க டானசோல் போன்ற பழைய மாத்திரைகள் உண்டு. எதுவானாலும் நோயின் பெயர் தெரிந்த பிறகுதான்.

வரன் பார்க்கிற பயத்தில் அம்மாவின் வீக்கத்தை மறைக்கிறோமே, அந்த மௌனம் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம்.

அக்கா இப்போது மறுபடி மீன் சாப்பிடுகிறார். அவர் பையனுக்கு இன்னும் பரிசோதனை செய்யவில்லை. அதைத்தான் போன வாரமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.