இருமக் கோப்புக்குள் ஒளிந்திருந்த மோசடி

ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் புகைச் சோதனை மோசடியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பர் 18 அன்று அம்பலப்படுத்தியது. ஆய்வகத்தில் விதிகளுக்குப் பணிந்த கார்கள், சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 40 மடங்கு வரை உமிழ்ந்தன. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அது அறிவித்தது.

சாலைச் சோதனைகள் முரண்பாட்டைக் காட்டின. ஆனால், காரணத்தைக் காண மென்பொருளுக்குள் செல்ல வேண்டியிருந்தது. மூல நிரலையோ நிறுவனம் தராது. கையில் கிடைப்பது இயந்திரத்துக்கு மட்டுமே புரியும் இருமக் கோப்பு.

அத்தகைய கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் வேலையை நானும் சிறிய அளவில் பழகியிருக்கிறேன். லினக்ஸ் முனையத்தில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்று தட்டினால், கோப்பில் புதைந்துள்ள சொற்கள் வெளிவரும். ‘ஆப்ஜ்டம்ப்’, எண்களின் குவியலை ‘எடு’, ‘ஒப்பிடு’, ‘தாவு’ என்னும் கட்டளைகளாக விரித்துத் தரும். இரண்டும் இலவசக் கருவிகள். பொறுமைதான் விலை. எதை எதனுடன் நிரல் ஒப்பிடுகிறது என்று தேடும்போதுதான் அதன் உள்நோக்கம் புலப்படும்.

ஜெர்மானிய ஆய்வாளர் ஃபெலிக்ஸ் டோம்கே தமது சொந்த காரின் மென்பொருளை இவ்வாறுதான் படித்தார். புறப்பட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை, அரசுச் சோதனையின் கால அட்டவணையுடன் அந்நிரல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. 2017இல் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து 926 இருமக் கோப்புகளை ஆராய்ந்தனர். 406 கோப்புகளில் இத்தந்திரம் இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. கார் மென்பொருளை உரிமையாளர்கள் ஆராய்வதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கக் கூடாது என்று 2015 ஜூலையில் எழுதியது அதே சுற்றுச்சூழல் முகமைதான். உரிமையாளர்கள் மென்பொருளை மாற்றி மாசைப் பெருக்கிவிடுவார்கள் என்று அது அஞ்சியது. உண்மையில் மாசைப் பெருக்கியவர் உற்பத்தியாளர். அவ்வாண்டு அக்டோபரில் அந்த விலக்கு வழங்கப்பட்டது.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளின் செயல்பாட்டைக் கவனிக்கவும் சோதிக்கவும் இடமளிக்கிறது. பிற மென்பொருளுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் அனுமதிக்கிறது. ஆனால், பாதுகாப்புக்காகவோ பொதுநலனுக்காகவோ இருமக் கோப்பைப் பிரித்துப் படிப்பது குறித்து அது வெளிப்படையாகப் பேசவில்லை. இந்த மௌனமே நேர்மையான ஆய்வாளரைத் தயங்க வைக்கப் போதுமானது.

காரும் மின்மீட்டரும் மருத்துவக் கருவியும் மென்பொருளால் இயங்கும் காலம் இது. சோதிக்கப்படுவதை உணர்ந்து நடிக்கும் இயந்திரத்தை வெளியிலிருந்து சோதிப்பது மட்டும் போதாது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன எழுதப்பட்டுள்ளது என்று படித்துப் பார்க்கும் உரிமையைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்ய வேண்டும்.