பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்துப் புதியது வாங்கலாமா? தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்?

ஆசை ஆசையாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறீர்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைவிட வேகமான புதிய கார்டு சந்தைக்கு வந்துவிடுகிறது. "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே!" என்று மனசு அடித்துக்கொள்ளும், இல்லையா?

இந்த வருத்தத்தைப் போக்கச் சில நிறுவனங்கள் கொண்டுவந்ததுதான் 'டிரேட்-அப்' திட்டம். பழைய கார்டைத் தயாரித்த நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்து, விலை வித்தியாசத்தை மட்டும் கட்டி, புதியதை வாங்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லாபு பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு அது கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம்? வாங்க, பார்க்கலாம்.

திட்டம் எப்படி வேலை செய்தது?

இதில் பெயர் பெற்றது அமெரிக்காவின் இவிஜிஏ நிறுவனம் நடத்திய 'ஸ்டெப்-அப்' திட்டம். அதன் முக்கிய விதிகள் இவை:

- அங்கீகரிக்கப்பட்ட கடையில் கார்டைப் புதிதாக வாங்கியிருக்க வேண்டும்.
- ரசீதுடன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.
- வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.
- கார்டை அனுப்பும் செலவு உங்களுடையது.

ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டுமே. நீங்கள் 1,500 ரிங்கிட்டுக்கு வாங்கிய கார்டைக் கொடுத்து 2,100 ரிங்கிட் கார்டுக்கு மாறுகிறீர்கள். திட்டம் இருந்தால் 600 ரிங்கிட்டும் அனுப்பும் செலவும்தான். திட்டம் இல்லாமல் பழையதை நீங்களே 1,100 ரிங்கிட்டுக்கு விற்றால், கையிலிருந்து 1,000 ரிங்கிட் போட வேண்டும்.

அந்த 400 ரிங்கிட் எங்கே போனது? பெட்டியைத் திறந்ததுமே பொருளின் மதிப்பு இறங்கிவிடுகிறது. அந்த நஷ்டத்தை யார் தாங்குவது என்பதுதான் இங்கே கேள்வி. திட்டம் இருந்தால் முதல் 90 நாளுக்கு நிறுவனம் தாங்கும். இல்லாவிட்டால் நீங்கள்தான் தாங்க வேண்டும்.

அப்புறம் ஏன் அது நின்றுபோனது?

2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது அதன் அறிமுக விலை 699 டாலர். ஆனால் கடைகளில் சரக்கே இல்லை. கிடைத்த இடத்திலும் விலை எக்கச்சக்கம். ஸ்டெப்-அப் திட்டத்தில் நிறுவனம் அறிவித்த விலைக்கே கார்டு கிடைக்கும் என்பதால் கூட்டம் அங்கே திரண்டது. விண்ணப்பித்தவர்கள் வரிசையில் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2022 செப்டம்பரில் இவிஜிஏ, என்விடியாவுடனான உறவை முறித்துக்கொண்டு கிராஃபிக்ஸ் கார்டு தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 100 நாள் டிரேட்-அப் திட்டம் வைத்திருந்த பிஎஃப்ஜி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனமும் 2010-ல் கிராஃபிக்ஸ் கார்டு சந்தையை விட்டுப் போனது. திட்டத்தால்தான் இவை விலகின என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: நிறுவனம் இருக்கும்வரைதான் அதன் வாக்குறுதியும் இருக்கும்.

இன்னொரு விஷயம். ஸ்டெப்-அப் முக்கியமாக வட அமெரிக்கா, ஐரோப்பா வாடிக்கையாளர்களுக்கானது. சிரம்பானில் வாங்கியவருக்கு அது அன்றைக்கும் எட்டாக்கனிதான்.

இப்போது இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

விலைதான் காரணம். 2025-ல் வெளியான ஆர்டிஎக்ஸ் 5070 கார்டின் அறிமுக விலை 549 டாலர். ஒரு டாலரை 4 ரிங்கிட் என்று வைத்தால் ஏறத்தாழ 2,200 ரிங்கிட். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதாவது, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவின் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் ஒரு கார்டு வராது.

அதோடு, 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதே காரணம். சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தனது 'குருஷியல்' வணிகத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டிலும் நினைவகச் சில்லுகள் உண்டு. ஆகவே விலை இறங்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதே நேரம், உங்கள் பழைய கார்டுக்கும் மதிப்பு இருக்கிறது. அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்களே ஒரு 'ஸ்டெப்-அப்' செய்வது எப்படி?

*வாங்கும் நாளிலேயே விற்பதற்குத் தயாராகுங்கள்.* ரசீது, பெட்டி, வரிசை எண் ஸ்டிக்கர் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மிச்சமிருக்கும் உத்தரவாதக் காலம்தான் பழைய கார்டுக்கு நல்ல விலை வாங்கித் தரும். அது அடுத்தவர் பெயருக்குச் செல்லுமா என்று கடைக்காரரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

*புதிய கார்டு வருவதற்கு முன் விற்றுவிடுங்கள்.* புதியது கடைக்கு வந்த பிறகு எல்லோரும் பழையதை விற்கக் கிளம்புவார்கள். விலை தானாக இறங்கும்.

*கூடுதல் செலவையும் சேருங்கள்.* ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட் மின்சாரம் தேவை. 5070-க்கு 250 வாட். என்விடியா அதற்குப் பரிந்துரைப்பது 650 வாட் பவர் சப்ளை. உங்களிடம் இருப்பது 500 வாட் என்றால் அதையும் மாற்ற வேண்டும். கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்றும் அளந்து பாருங்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசா வரை போய்வரும் செலவும் கணக்கில் உண்டு.

*கடையிலும் கேளுங்கள்.* பழைய கார்டை எடுத்துக்கொண்டு புதியதற்குக் கழித்துத் தரும் கணினிக் கடைகளும் இருக்கின்றன. தனியாக விற்பதைவிடப் பணம் குறையலாம், அலைச்சலும் குறையும். இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சொன்ன விலையை எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கார்டு வாங்குபவரா நீங்கள்?

கவனம் தேவை. பழைய, வேகம் குறைந்த கார்டின் மென்பொருளை மாற்றி, உயர்ந்த ரகம்போலக் காட்டி விற்கும் மோசடி உண்டு. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் பல போலிக் கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பணம் கொடுப்பதற்கு முன், கார்டைக் கணினியில் பொருத்தி, ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். "நேரம் இல்ல பாஸ், அப்படியே எடுத்துக்கோங்க" என்றால் நடையைக் கட்டுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கொண்டுசெல்லலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம் என்பதால் தோட்டத்திலிருந்து இதற்காகப் பட்டணத்துக்கு அலைய வேண்டாம்.

ஆனால் சமூக ஊடகத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் கதை வேறு. இந்தச் சட்டம் வியாபாரம் செய்பவர்களுக்கானது. தனிநபரிடம் 200 ரிங்கிட் மிச்சம் பிடிக்கும்போது இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, மாற்றலாமா வேண்டாமா?

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: புதிய கார்டின் விலை, பவர் சப்ளை, போக்குவரத்து. அதிலிருந்து பழைய கார்டுக்கு உண்மையில் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் நீங்கள் கொடுக்கப்போகும் அசல் விலை.

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு என்று கார்டை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால், அந்தத் தொகையை எத்தனை மாதத்தில் திரும்ப எடுப்பீர்கள் என்று பாருங்கள். கேமுக்கு மட்டும்தான் என்றால், அமைப்புகளில் தரத்தை ஒரு படி குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குக் காசே வேண்டாம். அதுவும் போதவில்லை என்றால், பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.