நாய் கடிச்சா கேஸ் யார் மேல? வாக்கிங் வேலைக்குப் போறவங்க உஷார்!

சென்னை அண்ணாநகர், பெசன்ட்நகர் பக்கம் விடியற்காலையில் அடுத்தவர் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப்போவது இப்போ மாசச் சம்பள வேலை. அது பத்தாம நாய்க்குச் சட்டை தைக்கிறவங்க, நாயைப் படம் வரைஞ்சு விக்கிறவங்களும் உண்டு. கேட்க ஜாலிதான். ஆபத்து கையில் பிடிச்ச கயிற்றில் இருக்கு.

2024 மே மாதம் ஆயிரம்விளக்கு மாநகராட்சி பூங்காவில் 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன்பிறகுதான் லைசென்ஸ், வாய்மூடி என்று மாநகராட்சி கெடுபிடி காட்டியது. லைசென்ஸ் எடுக்க வேண்டியவர் ஓனர். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு ஓனரை மட்டும் சொல்லவில்லை. விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவர் அஜாக்கிரதையாக இருந்தாலே 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். பழைய சட்டத்தில் அபராதம் ஆயிரம் ரூபாய்தான். 2024 ஜூலை 1 முதல் ஏறிப்போச்சு.

ரோட்டில் நாய் யார் வசம்? சம்பளத்துக்குப் பிடிச்சவர் வசம்! அவரும் கேசில் சிக்கலாம். அதனால லைசென்ஸ், வெறிநோய் தடுப்பூசி சீட்டு ரெண்டையும் ஓனரிடம் கேட்டு செல்போனில் படம் எடுத்து வெச்சுக்கணும். "எங்க நாய் கடிக்காது, வாய்மூடி வேணாம்" என்கிற வீடாக இருந்தால், கயிற்றையே தொடாதீங்க.