எண்ணைக் கேட்காதீர்கள், வசையை நீக்குங்கள்

இணையத்தில் வசைபாடுபவர்களை அடக்க, சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே தொடரப்பட்டது. அந்தக் கோரிக்கை இன்னும் ஓயவில்லை. தென்கொரியா இதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்த்துவிட்டது. பெரிய தளங்களில் கருத்து எழுதுபவர் தன் அடையாளத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும் என்று 2007இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் வசை அடங்கவில்லை. 2011இல் அங்கே அடையாள விவரங்களைச் சேர்த்து வைத்திருந்த நேட், சைவேர்ல்டு தளங்களுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்களைத் திருடிச் சென்றார்கள். அந்நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 5 கோடிதான்! மறு ஆண்டு அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. அடையாளம் கேட்டால் வம்புக்காரன் வாயை மூடமாட்டான். மேலதிகாரியின் லஞ்சத்தைப் பற்றி எழுதும் ஊழியரும், வீட்டில் வாங்கும் அடியைச் சொல்ல வரும் பெண்ணும்தான் முதலில் மௌனமாவார்கள். தளங்கள் செய்ய வேண்டியது வேறு. ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ் வசை இயந்திரத்தின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்களைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். புகார் வந்தால் சில மணி நேரத்தில் நீக்குங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். தேவைக்கு மேல் யாருடைய விவரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். மிரட்டலோ பாலியல் அச்சுறுத்தலோ என்றால், நீதிமன்ற ஆணை வந்த பிறகு மட்டுமே எழுதியவரின் விவரத்தைக் கொடுங்கள்.