பெட்டி இல்லாத பேஸ்

வயலின் குடும்பத்தின் பெரியண்ணன் டபுள் பேஸ். கிட்டத்தட்ட ஆறடி உயரம். பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட்டோடு கண்டக்டர் விடமாட்டார். இந்தத் தொல்லைக்குத் தீர்வுதான் எலெக்ட்ரிக் அப்ரைட் பேஸ். நின்றபடி வாசிக்கும் நீளக் கழுத்தும் நாலு கம்பியும் அப்படியே இருக்கும். பெரிய மரப்பெட்டி மட்டும் இருக்காது. "அப்போ இது டபுள் பேஸுக்கு மாற்றா?"ன்னு கேட்டா என் பதில்: கைக்கு மாற்று, காதுக்கு இல்லை.

மரப்பெட்டி எதுக்கு? டபுள் பேஸின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். கம்பி தனியா அவ்வளவு காற்றைத் தள்ளாது, பெட்டிதான் தள்ளுது. ஆனா பக்கத்துல டிரம்ஸ் வந்துட்டா பெட்டியும் பத்தாது. மைக் வைத்தால், ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து பெட்டியையே ஆட்டி 'ஊ...'ன்னு ஊளையிடும். நம்ம கல்ச்சுரல்ஸ்ல கேட்டுப் பழகின அதே ஃபீட்பேக்தான். பெட்டியை எடுத்துவிட்டு பிரிட்ஜில் பீசோ பிக்கப் வைத்தால் (அழுத்தினால் வோல்டேஜ் தருமே, அதே பீசோ) அந்தத் தலைவலி பெருமளவு தீரும்.

"அதுக்கு பேஸ் கிட்டாரே போதுமே?" 1951-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. போதாது. அதன் கம்பி நீளம் சுமார் 86 செ.மீ.; டபுள் பேஸில் ஒரு மீட்டரைத் தாண்டும். விரல் இடைவெளியே வேற. வில் போட்டு வாசிக்கவும் தோதுப்படாது. எலெக்ட்ரிக் அப்ரைட்டில் பல மாடல்கள் டபுள் பேஸின் நீளத்தையும் வளைந்த பிரிட்ஜையும் அப்படியே வைத்திருக்கின்றன. பழகின கை தடுமாறாது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு ராத்திரி 12 மணிக்கு வாசிச்சாலும் பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டமாட்டான்.

காது விஷயம் வேற. பெட்டி இல்லாததால் கம்பியின் சக்தி சீக்கிரம் வடியாது. ஸ்வரம் நீண்டு நிற்கும். மரத்தோட அந்தக் கனமான 'தும்' கிடைக்காது. இதைக் குறைன்னு சொல்றவங்க உண்டு. ஆனா ஜெர்மனியின் எபர்ஹார்ட் வெபர் 1970-களில் அந்த நீட்டத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். 1962-ல் ஆம்பெக் கொண்டுவந்த 'பேபி பேஸ்' அச்சு அசலா டபுள் பேஸ் மாதிரி ஒலிக்கலைதான்; நியூயார்க் சல்சா குழுக்கள் அந்த ஒலிக்காகவே அதைப் பிடித்துக்கொண்டன. நகலாகப் பாஸாகாத வாத்தியம் தனி வாத்தியமாக ஜெயித்தது.

அதுக்காக மரப்பெட்டியைப் பரணில் போட்டுவிட முடியாது. ஆம்ப் இல்லாமல் ஒரு அரங்கையே நிரப்பும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸுக்கு வேற ஆள் கிடையாது. மரத்திலிருந்து நாதத்தை இழுத்து வரும் வில் பழக்கமும் ஹெட்போனுக்குள்ள முழுசா வராது.

வாங்கும் எண்ணம் இருந்தா, கூடவே ஆம்ப்புக்கும் காசு எடுத்து வையுங்க. கடையில "டபுள் பேஸ் மாதிரியே இருக்கா?"ன்னு கேக்காதீங்க. ஆம்ப்பில் மாட்டி, ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசிச்சு, "இது எனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு மட்டும் கேளுங்க.