ஓடாத யந்திரமும் ஒழுகும்

மலைநாட்டில் வாழ்வோருக்கு மோட்டார் வண்டியிலே குளிரூட்டி எதற்கு என்று கொழும்பு நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்வதுண்டு. அவர் ஒரு முறையேனும் ஆனி மாதத்து மழையில் கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறியிருந்தால் அவ்வாறு கேட்டிருக்க மாட்டார். வெளியே மழை, உள்ளே ஐந்து பேரின் மூச்சு. சற்று நேரத்தில் முன்கண்ணாடி பால் பூசியது போலாகிவிடும். சாரதி ஒரு கையால் வண்டியைத் திருப்பி, மறு கையால் துணிகொண்டு துடைத்தபடி செல்ல வேண்டியதுதான். குளிரூட்டியை இயக்கினாலோ காற்றிலுள்ள ஈரம் அதன் குளிர்ந்த குழாய்களிலே துளியாகப் படிந்து வெளியே வடிந்துவிடும். உலர்ந்த காற்றுப்பட்டுக் கண்ணாடி தெளியும். நமக்கு அது பார்வைக்கு வேண்டிய பொருள்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்துக்கு அணித்தே உள்ளது பொல்பிட்டிய. 1969ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு நீர்மின் நிலையம் இயங்கி வருவதை மாணவர் அறிவர். அவ்வூரிலே என் நண்பர் ஒருவர், 1990களில் செய்யப்பட்ட யப்பானியக் கார் ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறார். தோட்டத்துப் பிள்ளைகளை வகுப்புக்கும், நோயாளரை ஹட்டனுக்கும் கண்டிக்கும் ஏற்றிச் செல்வது தொழில். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்குத் திறந்தது; இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பேணுவதன்றி அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்றும் புதியது வாங்கும் வசதி அவரிடம் இல்லை.

அவருடைய காரின் குளிரூட்டி இரண்டு முறை வாயு நிரப்பியும் சில மாதங்களுக்கு மேல் நிற்கவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவர், கொம்பிரஷரையே மாற்ற வேண்டும் என்று கூறிவிட்டார். தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் மகனோ, "சீலையும் வளையங்களையும் மாற்றினால் போதும் அப்பா, நானே வீட்டில் கழற்றிச் செய்கிறேன்" என்று நின்றான். தந்தை என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் சரியென்றால் பையனை விடுகிறேன். ஆனால் வண்டி ஒரு கிழமை நின்றால் அடுப்பும் நின்றுவிடும்" என்றார்.

நான் சென்று பார்த்தேன். கப்பிச் சில்லுக்குப் பின்னே கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருந்தன. வாயுவோடு எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், வாயு கசியுமிடத்தில் எண்ணெய் அடையாளம் வைத்துவிடும். பையனின் கணிப்புச் சரிதான்.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கலாம். பிரஷர் குக்கரின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் ஆவியைத் தடுக்கிறது; அது காய்ந்து இறுகினால் ஓரத்தில் ஆவி சீறும். கொம்பிரஷரின் இரு பாதிகளுக்கும் இடையே இருப்பவை இத்தகைய வளையங்களே. ஆனால் அதற்கு இன்னொரு சங்கடம் உண்டு. மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு தண்டு வெளியே நீண்டு சுழலவும் வேண்டும். வாயு வெளியே வரவும் கூடாது. காரை நிழலில் நிறுத்தியிருக்கும்போதுகூட, 30 பாகை வெப்பத்தில், உள்ளேயுள்ள வாயு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் அழுத்தத்தோடு வெளியேற வழி தேடுகிறது. அதைத் தடுப்பது தண்டைத் தழுவி நிற்கும் மெல்லிய சீலும் அதன் விளிம்பிலுள்ள எண்ணெய்ப் படலமும்.

யந்திரம் ஓடும்போதெல்லாம் அந்தப் படலம் புதுப்பிக்கப்படும். ஓடாவிட்டால்? பொத்தானை அழுத்தாதவரை கப்பிச் சில்லு மட்டும் வெறுமனே சுழலும், தண்டு அசையாது. எண்ணெய் கீழே வடிந்து, விளிம்பு உலர்ந்து, வாயு கசியத் தொடங்கும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிய நண்பர், வெயில் காலத்தில் மாதக்கணக்காகப் பொத்தானைத் தொட்டதே இல்லையாம். கொழும்பிலே உழைத்துத் தேயும் சீல், மலைநாட்டிலே சும்மா இருந்து கெடுகிறது!

பையனுக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: வாயுவை முதலில் எடுப்பதும் கடைசியில் நிரப்புவதும் அதற்குரிய கருவி உள்ளவரின் வேலை, நடுவிலுள்ளது உன் வேலை. இந்த நிபந்தனையை நான் விலை கொடுத்துக் கற்றேன். இளமையில், குழாய் வெறுமையாயிருக்கும் என்றெண்ணி ஒரு நட்டைத் தளர்த்தினேன். பீறிட்ட வாயு என் சுட்டுவிரலைத் தீப்பட்டது போலக் கொப்புளிக்கச் செய்தது. ஆர் 134ஏ என்னும் இவ்வாயு திறந்த வெளியிலே பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையில் கொதிப்பது. அன்று விரலாயிற்று, கண்ணாயிருந்தால் இப்பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விரலுக்கு அப்பாலும் காரணம் உண்டு. பழைய கார்களில் இருந்த ஆர் 12, வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு இரசாயனவியலாளர் எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கையும் 1989இல் அதில் இணைந்தது. பின்வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடாதெனினும், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ வாயு, ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடேற்றும். கொல்லைப்புறத்தில் திறந்துவிட வேண்டிய பொருளன்று. சமையல் வாயுவை இதற்குப் பதிலாக நிரப்புவோரும் உளர். அது குழந்தைகள் அமரும் வண்டிக்குள் கசிந்தால் ஒரு பொறி போதும்.

வாயு எடுக்கப்பட்டபின், மழையில்லாத ஒரு சனிக்கிழமை வேலை தொடங்கியது. மழையில்லாத நாளை நாம் தேடியதற்குக் காரணம் உண்டு: இவ்வாயுவோடு வழங்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவல்லது. பொல்பிட்டிய மழையில் எண்ணெய்த் தகரத்தைத் திறந்து வைப்பது உப்புச் சாடியைத் திறந்து வைப்பது போலாகும். கொம்பிரஷரை இறக்கிய உடனேயே குழாய் வாய்களைப் பொலித்தீனால் கட்டிவிட்டோம். உள்ளிருந்த எண்ணெயை ஓர் அளவுக் கிண்ணத்தில் வடித்துக் குறித்துக்கொண்டான் பையன். திரும்ப ஊற்றுவது எவ்வளவு என்பதற்கு அதுவே சான்று.

கிளச்சுத் தட்டைத் திருகுளியால் நெம்புவது தவறு, வளைந்துவிடும். அதற்கென உள்ள இழுப்பானால் மெல்லக் கழற்ற வேண்டும். தட்டின் கீழே தகட்டு வளையங்கள் கடுகளவு தடிப்பில் கிடக்கும். தட்டுக்கும் சில்லுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவில் நிற்கும் இடைவெளியை அவையே தீர்மானிக்கின்றன. அவற்றைத் தாயார் ஒரு நூலிலே கோத்து வைத்தார். பின்னர் சேர்க்கிளிப், சில்லு, மின்சுருள், கடைசியாகச் சீல். இந்த வகையில் சீல் முன்பக்கமாகவே வந்துவிட்டது. வேறு சிலவற்றில் முன்மூடியையே கழற்ற வேண்டியிருக்கும். வந்த சீலின் விளிம்பு பழைய செருப்பு வார் போல இறுகியிருந்தது.

அப்பொழுதுதான் எனக்கு உண்மையான அச்சம். தண்டிலே பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. பழுது பார்ப்பவர் கூறியதே சரியாகிவிடும். பையன் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்த்தான். தந்தை அவன் முகத்தையே நோக்கினார். நகம் எங்கும் தடுக்கவில்லை.

புதுச் சீலுக்கும் வளையங்களுக்கும் எண்ணெய் பூசிப் பொருத்தினோம். பழைய கறுப்பு ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக, இவ்வாயுவுக்கும் எண்ணெய்க்கும் ஏற்ற பச்சை நிற வளையங்களை வாங்கியிருந்தான். உடலின் ஆணிகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாகச் சிறிது சிறிதாக முறுக்கினான். ஈரமுறிஞ்சிக் குப்பியை மாற்றச் செலவு கண்டு நண்பர் தயங்கினார். ஒரு முறை திறந்த தொகுதிக்குப் பழைய குப்பி உதவாது என்று நான் வற்புறுத்தினேன்.

திங்களன்று ஹட்டனில் வெற்றிடப் பம்பை இணைத்தனர். அழுத்தம் குறையக் குறைய நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்தியபின் மானியின் முள் அரை மணி நேரம் அசையாதிருந்தது. ஆயினும் வெற்றிடச் சோதனை சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கும் குறைந்த அழுத்தத்தையே சோதிக்கும். ஆகவே நைதரசனையும் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக ஒட்சிசனை ஏற்றுவது எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும் என்பதை மாணவர் மனத்தில் இருத்துக. முதலில் முள் சற்று இறங்கியது! சவர்க்கார நீர் தடவியபோது, கொம்பிரஷரில் அன்று, குழாய் இணைப்பொன்றில் குமிழி எழுந்தது. அங்கே மட்டும் பழைய கறுப்பு வளையம். பையன் தலையைச் சொறிந்தான்.

அதையும் மாற்றி, மீண்டும் வெற்றிடமாக்கி, வண்டிக்குரிய அளவை எடைபோட்டு நிரப்பியாயிற்று. ஏழு மாதமாகிறது, இன்னும் குளிர் குறையவில்லை. இப்பொழுது ஞாயிறு தோறும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் பொத்தானை அழுத்துமாறு தந்தைக்குக் கட்டளை. மறந்தால் நினைவூட்டுவது தாயாரின் பொறுப்பாம்.